பூதம் சுமக்கும் தபால்

அலுப்பு என்பது வேலையின் அளவைப் பொறுத்ததல்ல. அதன் ஒருபடித்தான தன்மையைப் பொறுத்தது. கல்யாண வீட்டில் ஆயிரம் இலைக்குப் பரிமாறுகிறவர் களைத்துப் போவாரே ஒழிய அலுத்துப் போவதில்லை. ஒவ்வோர் இலைக்கும் பின்னால் ஒரு முகம் உட்கார்ந்திருக்கிறது. ஒருவர் ரசம் போதும் என்று கையால் மறிக்கிறார். இன்னொருவர் பாயசத்துக்கு இரண்டாம் முறை நிமிர்ந்து பார்க்கிறார். அதே கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால், கூடத்தில் உட்கார்ந்து ஐந்நூறு பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவி, உறையில் இட்டு, விலாசம் எழுதிய அனுபவம் உங்களுக்கு உண்டா? முதல் இருபது உறை வரை உற்சாகம். ஐம்பது வரை பொறுமை. எண்பதுக்கு மேல் கை தானாக எழுத ஆரம்பித்துவிடுகிறது. மனம் வேறெங்கோ போய்விடுகிறது. திருச்சி சித்தப்பாவின் உறை திருநெல்வேலி மாமாவின் விலாசத்தைச் சுமந்துகொண்டு கிளம்புவது அந்த நேரத்தில்தான். கல்யாணப் பத்திரிகையானால் பாதகமில்லை. உள்ளே இருப்பது எல்லாருக்கும் ஒன்றே. யாருக்குப் போனாலும் சாப்பிட வரப்போகிறார்கள், அவ்வளவுதான்.

உள்ளே இருக்கும் காகிதம் ஆளுக்கு ஆள் வேறுபடும்போதுதான் விபரீதம் ஆரம்பமாகிறது.

காரியாலயங்களில் மாதா மாதம் நடக்கிற காரியம் இது. சம்பளச் சீட்டு, வரிப் பிடித்தத்துக்கான படிவம், சந்தா ரசீது, பாக்கிப் பணத்துக்கான பட்டியல் என்று எதையாவது ஒன்றை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பியாக வேண்டும். கடிதம் எல்லாருக்கும் ஒரே கடிதம். கூட வைக்கும் காகிதம் மட்டும் அவரவருக்கு உரியது. பழைய காரியாலயக் கடிதங்களின் அடியில், இடது ஓரத்தில், 'இணைப்பு: ஒன்று' என்று எழுதியிருக்கும். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால், பசையும் குண்டூசியுமாக நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த ஒரு குமாஸ்தாவின் முதுகுவலி இருந்தது. இன்று உறை போய்விட்டது, தபால் தலை போய்விட்டது, பசை போய்விட்டது. இணைப்பு மட்டும் போகவில்லை.

மின்னஞ்சல் பிறந்தது 1971-ல். ரே டாம்லின்ஸன் என்ற அமெரிக்கர்தான் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குக் கடிதம் அனுப்பினார்; விலாசத்தின் நடுவில் இன்று நாம் போடும் அந்தச் சுழிக் குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. ஆனால் வெகு காலம் வரை அந்தக் கடிதம் வெறும் எழுத்தைத்தான் சுமந்தது. கூடவே படத்தையும் பாட்டையும் பத்திரத்தையும் கட்டி அனுப்ப ஒரு பொது முறை வந்தது 1992-ல். அந்த முறையை வகுத்த இருவரில் ஒருவரான நதானியேல் போரன்ஸ்டீன், அவ்வருஷம் மார்ச் 11-ஆம் தேதி, தாம் சேர்ந்து பாடும் நால்வர் குழுவின் படத்தையும் பாட்டையும் இணைத்து ஒரு கடிதம் அனுப்பினார். மின்னஞ்சலின் இணைப்பு ஒரு பாட்டோடு புறப்பட்டது என்பதை நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது. பிற்பாடு அதன் தலையில் சம்பளச் சீட்டும் கடன் பாக்கியும் ஏறிக்கொண்டன.

கணக்கு எழுதும் கட்டத்தாளின் கதை இன்னும் சற்று வேறு. 1978-ல் ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லின், ஆசிரியர் கரும்பலகையில் கட்டம் போட்டு எழுதிய கணக்கில் ஓர் எண்ணை மாற்றினால் மற்ற எல்லா எண்களையும் அழித்து அழித்து எழுத வேண்டியிருப்பதைக் கவனித்தார். அந்தக் கஷ்டத்திலிருந்து பிறந்ததுதான், அவரும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் சேர்ந்து 1979-ல் வெளியிட்ட விஸிகால்க். அதன் வாரிசாக 1983-ல் லோட்டஸ் 1-2-3 வந்தது. ஒருமுறை சொல்லிவைத்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் மாக்ரோ என்ற வசதி அதில் இருந்தது. 1993-ல் மைக்ரோஸாஃப்டின் எக்ஸெலுக்குள் விஷுவல் பேஸிக் என்ற ஒரு முழு பாஷையே குடியேறியது. மாக்ரோ என்பது கிரேக்கச் சொல். நீண்டது, பெரியது என்று பொருள். சொல்வது ஒரு வார்த்தை, நடப்பது நூறு காரியம் என்பதனால் அந்தப் பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

நமக்கு இது புதிதல்ல. பாட்டி சொன்ன பூதத்தின் கதையை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். மந்திரவாதி ஒருவனுக்குப் பூதம் ஒன்று வசப்பட்டது. எந்த வேலை கொடுத்தாலும் கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிட்டு, 'அடுத்தது என்ன?' என்று வந்து நின்றது. வேலை இல்லையென்றால் எஜமானனையே விழுங்கிவிடும். கடைசியில் அவன் ஒரு கம்பத்தை நட்டு, 'நான் கூப்பிடும் வரை இதில் ஏறி இறங்கிக்கொண்டிரு' என்றானாம். கம்ப்யூட்டர்க்காரர்கள் 'லூப்' என்று எதைச் சொல்கிறார்களோ, அதைத்தான் நம் பாட்டிமார்கள் கம்பம் என்றார்கள்.

இந்த ஞானமெல்லாம் எனக்கு எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண்ணிடமிருந்து கிடைத்தது. பி.காம். படித்தவள், முந்நூற்று நாற்பது பேர் வேலை செய்யும் ஒரு ஸ்தாபனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். அது எந்த ஸ்தாபனம் என்பது இங்கே அவசியமில்லை. நானோ கல்லூரியை இரண்டாம் வருஷத்தோடு விட்டவன். பேனாவைத் தவிர வேறு யந்திரத்தோடு அதிகப் பரிச்சயம் இல்லாதவன். ஆனாலும் ஒருவர் தம் தொழிலைப் பற்றி ஆசையோடு பேசினால் கேட்டுக்கொண்டே இருப்பேன். கதை எழுதுகிறவனுக்கு இதைவிட லாபமான பொழுதுபோக்கு கிடையாது.

"மாமா, ரெண்டரை நாள் வேலை, பத்து நிமிஷத்துல முடிஞ்சுடுச்சு" என்று சொல்லிக்கொண்டு ஒரு நாள் மாலை மடிக் கணினியோடு கூடத்துக்கு வந்தாள்.

"யாருடைய ரெண்டரை நாளம்மா?" என்று கேட்டேன்.

அவள் முகம் சற்று மாறிற்று. "அதான் மாமா சங்கடம்" என்றாள். அந்தச் சங்கடத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் வேலையைப் பார்ப்போம்.

எக்ஸெல் தாளில் ஒரு பட்டியல். முதல் பத்தியில் ஊழியரின் எண், அடுத்ததில் பெயர், மூன்றாவதில் மின்னஞ்சல் விலாசம், நான்காவதில் அவருடைய சம்பளச் சீட்டு கம்ப்யூட்டருக்குள் எந்த அறையில் எந்தப் பெயரில் இருக்கிறது என்ற விவரம், ஐந்தாவது காலி. ஆல்ட் விசையையும் எஃப் 11 விசையையும் சேர்த்து அழுத்தினாள். பின்னால் இருந்த இன்னொரு ஜன்னல் திறந்தது. அதில் பத்துப் பதினைந்து வரிகள். அவற்றை அவள் எனக்குத் தமிழில் படித்துக் காட்டினாள்:

அவுட்லுக்கை எழுப்பு. பட்டியலின் இரண்டாம் வரியில் ஆரம்பி. முதல் வரி தலைப்பு, அது மனிதர் அல்ல. ஒரு புதுக் கடிதத்தாளை எடு. மூன்றாம் பத்தியில் உள்ள விலாசத்தைப் 'பெறுநர்' இடத்தில் எழுது. பெயரைக் கடிதத்தின் தலையில் எழுது. நான்காம் பத்தி சொல்லும் இடத்தில் சீட்டு இருக்கிறதா என்று பார். இருந்தால் எடுத்து இணை. கடிதத்தை அனுப்பு. ஐந்தாம் பத்தியில் 'அனுப்பியாயிற்று' என்று தேதி போட்டு எழுது. அடுத்த வரிக்கு இறங்கு. பெயர் தீரும் வரை இதையே செய்.

"வேர்டுல மெயில் மெர்ஜ் இருக்கே, அது போதாதா?" என்று, எங்கோ கேள்விப்பட்டதை வைத்துக்கொண்டு என் ஞானத்தைக் காட்டினேன். அது கடிதத்துக்குள் பெயரை மாற்றி மாற்றிப் போடும். ஆளுக்கொரு காகிதத்தைத் தனித்தனியாக இணைத்து அனுப்பாது. அதனால்தான் இந்த மாக்ரோ என்றாள். இன்னொன்றும் சொன்னாள். இது பழைய அவுட்லுக்கில்தான் நடக்கும். மைக்ரோஸாஃப்ட் கொண்டுவந்திருக்கும் புது அவுட்லுக் இந்தக் குரலுக்கு எழுந்திருப்பதில்லை. பூதத்தை எழுப்பும் மந்திரங்களுக்கும் ஆயுசு உண்டு போலிருக்கிறது.

இனி அந்தச் சங்கடம்.

இந்த வேலையை அதுவரை கையால் செய்துவந்தவர் ஒரு பெரியவர். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது. ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில், ஒரு கடிதம் திறந்து, விலாசம் தேடி, சீட்டைத் தேடி, இணைத்து, அனுப்பி, பென்சிலால் பெயருக்கு நேரே ஒரு டிக் போடுவார். முந்நூற்று நாற்பது முறை. ஆறேழு வருஷமாகப் பிசகு வரவில்லை. பிறகு ஒரு மாதம் வந்தது. ஒரே பெயரும் ஒரே தலைப்பெழுத்தும் கொண்ட இருவர் அந்த ஸ்தாபனத்தில் இருந்தார்கள். ஒருவருடைய சீட்டு மற்றவருக்குப் போய்விட்டது.

சம்பளச் சீட்டு என்பது வெறும் எண் அல்ல, வாசகர்களே. வலது பக்கத்தில் பிடித்தங்கள் என்று ஒரு பகுதி இருக்கிறது. ஒரு மனிதன் எவ்வளவு கடன் பட்டிருக்கிறான், எந்தப் பண்டிகைக்கு முன்பணம் வாங்கினான், எத்தனை நாள் சம்பளம் இல்லாத விடுப்பில் போனான் என்பதெல்லாம் அங்கே எழுதியிருக்கும். வீட்டில் மனைவிக்குக்கூடத் தெரியாமல் மறைத்து வைத்த கஷ்டம் அந்த நான்கு வரியில் இருக்கும். மத்தியானத்துக்குள் காண்டீன் முழுவதும் அது பரவிவிட்டது. அந்த மனிதர் அதற்கப்புறம் ஒரு வாரம் காண்டீன் பக்கமே வரவில்லையாம். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வண்டி நிறுத்தும் கொட்டகையில் போய் உட்கார்ந்து தின்றாராம்.

பெரியவர் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் காற்றில் போன சொல்லைத் திருப்பிப் பிடிக்க முடியுமா? இந்தப் பெண் மாக்ரோ எழுத உட்கார்ந்தது அந்த வாரத்தில்தான். பெரியவரைத் தூக்கி எறிய அல்ல. எண்பதாவது உறையில் மனித மனம் கண் அயர்கிறதே, அந்த நேரத்தில் அவருக்குப் பதிலாக விழித்திருக்க ஒன்று வேண்டும் என்று.

பூதம் கண் அயராது, வாஸ்தவம். ஆனால் பூதத்தின் பிசகு வேறு ஜாதி. மனிதன் முந்நூற்று நாற்பதில் ஒன்றைத் தவற விடுவான். பூதம் முதல் அடியைத் தவறாக வைத்தால் முந்நூற்று நாற்பதும் தவறு. அதுவும் பத்து நிமிஷத்தில். ஒரு பத்தியை மட்டும் அகர வரிசைப்படுத்திவிட்டு மற்றப் பத்திகளை அப்படியே விட்டுவிட்டால் போதும். விலாசமெல்லாம் ஒரு பக்கம், பெயரெல்லாம் ஒரு பக்கம் என்று ஆகிவிடும். பூதம் அதைக் கேள்வி கேட்காது. ஒருவருடைய சீட்டு இருக்கும் இடம் பட்டியலில் காலியாக இருந்து, மாக்ரோவும் கவனக் குறைவாக எழுதப்பட்டிருந்தால், முந்தைய வரியின் நினைவிலேயே அவருடைய சீட்டை எடுத்து இவருக்கு இணைத்துவிடும். எல்லாவற்றையும்விட அபாயமானது ஒரு வரி. 'பிழை வந்தால் பொருட்படுத்தாதே, மேலே போ' என்று பொருள்படும் அந்த வரியை எழுதிவிட்டால் மாக்ரோ நடுவில் தகராறு செய்யாமல் ஓடும். சீட்டு கிடைக்காவிட்டாலும் வெறும் கடிதத்தை அனுப்பிவிட்டு, 'அனுப்பியாயிற்று' என்று கூசாமல் எழுதிவைக்கும். அந்த ஒரு வரியை எழுதிக்கொண்டு வாழ்க்கை நடத்துகிற மனிதர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

அவள் இதற்கெல்லாம் அணை போட்டிருந்தாள். சீட்டுக்குப் பெயர் வைப்பது ஊழியரின் எண்ணால். மனிதரின் பெயரால் அல்ல. பெயர் இரண்டு பேருக்கு இருக்கலாம், எண் இராது. ஒவ்வொரு வரியிலும் பழைய நினைவைத் துடைத்துவிட்டு ஆரம்பிக்க வேண்டும். சீட்டு இல்லையென்றால் கடிதமும் இல்லை. அந்த வரி சிவப்பாக மாறி நிற்கும். முதல் ஒத்திகையில் எல்லாக் கடிதமும் அவளுடைய விலாசத்துக்கே வரும். முடிவில் பெயர் எத்தனை, சீட்டு எத்தனை, கடிதம் எத்தனை என்று மூன்றும் ஒத்துப்போக வேண்டும். பழைய கணக்குப்பிள்ளைகள் இரவு பத்தாயத்தைப் பூட்டுமுன் மூட்டை எண்ணிய அதே ஒழுங்குதான்.

இந்தச் சக்தி கெட்டவர் கையில் என்ன ஆகும் என்பதை உலகம் 1999-ல் பார்த்துவிட்டது. மார்ச் 26-ஆம் தேதி மெலிஸா என்ற பெயரில் ஒரு மாக்ரோ வேர்டு ஆவணத்துக்குள் ஒளிந்துகொண்டு வந்தது. ஆவணத்தைத் திறந்தவுடன் அது செய்தது என்ன? அவுட்லுக்கை எழுப்பிற்று, விலாசப் புத்தகத்தின் முதல் ஐம்பது பேருக்குக் கடிதம் எழுதிற்று, அந்த ஆவணத்தையே இணைத்து அனுப்பிற்று. நம் மாடிப் பெண் எழுதிய அதே பாஷை, ஏறக்குறைய அதே வரிகள். பெருகிய கடிதங்களின் பாரத்தால் பெரிய பெரிய நிறுவனங்கள்கூடத் தங்கள் தபால் போக்குவரத்தை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. அதை எழுதிய டேவிட் ஸ்மித்துக்கு 2002-ல் 20 மாதச் சிறையும் 5,000 டாலர் அபராதமும் கிடைத்தன. அந்த மாதிரி அனுபவங்களுக்குப் பிறகுதான் அவுட்லுக்குக்கு ஒரு காவல்காரனை வைத்தார்கள். ஏதாவது ஒரு நிரல் கடிதம் அனுப்ப முயன்றால், 'இதை அனுமதிக்கலாமா?' என்று அவன் கேட்பான். ஐந்து விநாடி கழித்தே 'ஆம்' என்ற பொத்தான் உயிர் பெறும். இந்த ஐந்து விநாடியைக் கண்டு எரிச்சல் பட்டவர்கள் ஏராளம். 2022-ல் இன்னொரு கதவும் மூடப்பட்டது: இணையத்திலிருந்து வந்து சேரும் கோப்புகளில் மாக்ரோ தானாக ஓடாதபடி தடுக்கப்போவதாக மைக்ரோஸாஃப்ட் அறிவித்து, அப்படியே செய்தது.

ஆனால் யந்திரத்தைக் குறை சொல்லி முடிப்பதும் நியாயமல்ல. 2021 செப்டம்பரில் பிரிட்டிஷ் ராணுவ அமைச்சகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் போயிற்று. ஆப்கானிஸ்தான் தாலிபான் வசமான சமயம். பிரிட்டனோடு வேலை செய்துவிட்டு, நாட்டை விட்டு வெளியேறக் காத்திருந்த 245 பேருக்கு ஒரே கடிதம். எல்லா விலாசங்களையும் 'பெறுநர்' இடத்தில் போட்டு ஒருவர் அனுப்பிவிட்டார். ஒவ்வொருவருக்கும் மற்ற எல்லாருடைய விலாசமும் தெரிந்துவிட்டது. ஐம்பத்தைந்து பேருடைய முகப் படமும்கூடத் தெரிந்தது. ஒளிந்து வாழ்கிறவர்களுடைய ஜாபிதா அது! ஒரு கை தவறிய ஜாபிதா தாலிபான் கையில் கிடைத்தால் எத்தனை உயிர் போகும்? 2023 டிசம்பரில் அமைச்சகத்துக்கு 3,50,000 பவுன் அபராதம் விதித்தார்கள். ஆளுக்கொரு கடிதமாகத் தனித்தனியே அனுப்பும் பத்து வரி மாக்ரோ ஒன்று அங்கே இருந்திருந்தால் இந்த ஆபத்தே வந்திராது. மனிதனின் அவசரத்துக்கு யந்திரம் மருந்து. யந்திரத்தின் குருட்டுத்தனத்துக்கு மனிதன் மருந்து. ஒன்றை விட்டு ஒன்று உதவாது.

இணைப்பின் உள்ளேயும் பார்க்கத்தான் வேண்டும். 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்துப் போலீஸார் யாரோ கேட்ட தகவலுக்கு ஓர் எக்ஸெல் கோப்பைப் பதிலாகக் கொடுத்தார்கள். மேலே தெரிந்த தாளில் கேட்ட எண்ணிக்கை மட்டும். மறைந்து கிடந்த இன்னொரு தாளில் 9,483 போலீஸ் ஊழியர்களுடைய குலப் பெயரும், பதவியும், வேலை செய்யும் இடமும். அந்த நாட்டில் போலீஸ்காரர் வீட்டைக் குண்டு தேடி வருவது பழைய கதை அல்ல. சிலர் வீடு மாறிப் போக நேர்ந்தது. அபராதம் 7,50,000 பவுன். அந்தக் கோப்பு பல பேர் கையைத் தாண்டித்தான் வெளியே போயிற்று. ஒருவரும் திறந்து அடுத்த தாளைப் பார்க்கவில்லை.

மாடிப் பெண்ணின் மாக்ரோவில் என் மனத்தைத் தொட்ட இடம் ஒன்று உண்டு. கடிதம் தயாரான பிற்பாடு கடைசி வரியில் இரண்டு வார்த்தைகளில் ஒன்றை எழுதலாம். 'ஸெண்ட்' என்று எழுதினால் கடிதம் நேரே போய்விடும். 'டிஸ்ப்ளே' என்று எழுதினால் கடிதம் திரையில் திறந்து நிற்கும். ஒரு மனிதர் பார்த்து, பொத்தானைத் தட்டினால்தான் நகரும். அனுப்பு, காட்டு. அந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் எவ்வளவு பெரிய வித்தியாசம்! கோபத்தில் எழுதிய கடிதத்தை ஓர் இரவு தலையணைக்கு அடியில் வைத்திருந்து, காலையில் கிழித்துப் போட்ட புண்ணியவான்கள் நம்மில் எத்தனை பேர்!

காரியாலயத்தில் கேள்வி எழுந்தது. "பத்து நிமிஷத்தில் முடிகிறதென்றால் அந்தப் பெரியவர் எதற்கு? வேறு கிளைக்கு மாற்றிவிடலாமே" என்றார் மானேஜர். வேறு கிளை நூற்றிருபது மைலுக்கு அப்பால். ஒன்றரை வருஷத்துக்காக யார் வீட்டைக் காலி செய்துகொண்டு போவார்கள்? ராஜிநாமா செய்யச் சொல்வதற்கு நாகரிகமான வார்த்தை அது. இந்தப் பெண் மறு நாள் போய், 'அனுப்பு' என்ற வார்த்தையை அடித்துவிட்டுக் 'காட்டு' என்று எழுதிவிட்டாள். "சார், ஒவ்வொண்ணும் யாராவது பார்த்துத்தான் போகணும். பார்க்கிறவருக்கு முந்நூத்தி நாப்பது பேரையும் தெரிஞ்சிருக்கணும். அப்படித் தெரிஞ்சவர் இங்கே ஒருத்தர்தான் இருக்கார்" என்றாளாம். இருபது இருபதாகக் கடிதங்கள் திறக்கும். பெரியவர் பெயரையும் சீட்டையும் பார்த்துத் தட்டுவார். இரண்டரை நாள் வேலை அரை நாளாயிற்று. மானேஜர் அரை மனத்தோடு சம்மதித்தார். பூதத்தை வசப்படுத்தியவளுக்கு, கம்பத்தின் அடியில் ஒரு பெஞ்சு போடவும் தெரிந்திருந்தது.

மூன்றாம் மாதம் நடந்ததை அவள் சொன்னபோது எங்கள் கூடத்தில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. வண்டி ஓட்டும் ஊழியர் ஒருவர் அந்த மாதம் 19-ஆம் தேதி காலமாகிவிட்டார். கணக்கு சரியாகவே போட்டிருந்தது: பத்தொன்பது நாள் சம்பளம், பிடித்தம், மிச்சம். பட்டியலில் பெயர் இருந்தது, விலாசம் இருந்தது, சீட்டு இருந்தது. பூதத்தின் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்கு. கடிதத்தின் தலையில் 'வணக்கம்' என்று போட்டு அவர் பெயரை எழுதி, அடியில் 'இம்மாதமும் தங்கள் உழைப்புக்கு நன்றி' என்று முடித்து, திரையில் நிறுத்தியிருந்தது. அந்தக் கடிதம் போய் விழப்போகும் கைபேசி இப்போது அவருடைய மகளிடம் இருக்கிறது. ப்ளஸ் டூ படிக்கிறவள்.

பெரியவர் தட்டவில்லை. கடிதத்தை மூடினார். சீட்டை மட்டும் காகிதத்தில் அச்செடுத்து, ஓர் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறி அந்த வீட்டுக்குப் போய் வந்தார். யாரிடமும் சொல்லவில்லை. திங்கட்கிழமை மட்டும் இந்தப் பெண்ணிடம், "அம்மா, அஞ்சாவது பத்தியில நாமே கையால ஏதாவது எழுதினா உன் மாக்ரோ கோவிச்சுக்காதே?" என்று கேட்டாராம். முந்நூற்று முப்பத்தொன்பது வரிகளில் 'அனுப்பியாயிற்று' என்று இருக்கிறது. ஒரு வரியில் மட்டும், 'நேரில் கொடுத்தாயிற்று.'

வியாசருக்கு மகாபாரதம் எழுதிக் கொடுக்க விநாயகர் உட்கார்ந்த கதை எல்லாருக்கும் தெரிந்ததே. எழுத்தாணி நிற்காது, நிறுத்தாமல் சொல்ல வேண்டும் என்பது விநாயகரின் நிபந்தனை. பொருள் புரியாமல் ஒரு வரியும் எழுதக்கூடாது என்பது வியாசரின் நிபந்தனை. இரண்டும் சேர்ந்ததனால் காவியம் உண்டாயிற்று. நம் காலத்தில் நாம் வைத்திருக்கும் எழுத்தர்கள் முதல் நிபந்தனையை மட்டும் ஏற்றுக்கொண்டவர்கள். நிற்கமாட்டார்கள், களைக்கமாட்டார்கள், புரிந்துகொள்வது எங்கள் உத்தியோகம் அல்ல என்று சொல்லிவிடுவார்கள். அவர்களைக் கோபித்துப் பயன் இல்லை. இரண்டாவது நிபந்தனையை நிறைவேற்ற ஓர் ஆள் பக்கத்தில் இருக்கிறாரா என்று பார்ப்பது நம் பொறுப்பு.

எனக்கும் அந்த எழுத்தர்களிடமிருந்து கடிதங்கள் வருகின்றன. நான் கணக்கு வைத்திருக்கும் ஓர் இடத்திலிருந்து போன வருஷம் பிறந்த நாள் வாழ்த்து வந்தது. 'அன்புள்ள வாடிக்கையாளர் பெயர் அவர்களுக்கு' என்று ஆரம்பித்திருந்தார்கள். கட்டத்தில் பெயர் விழவில்லை போலும். சிரித்தேன், இருந்தாலும் சிரிப்புக்கு அடியில் ஏதோ ஒன்று சுருக்கென்றது. என் பெயர் விழாமல் போனதற்காக அல்ல. இத்தனை ஆயிரம் வாழ்த்துக்களில் ஒன்றையாவது அனுப்புமுன் திறந்து பார்க்க அங்கே ஒருவரும் இல்லையே என்பதற்காக.

பெரியவர் அடுத்த சித்திரையில் ஓய்வு பெறுகிறார். அதற்கப்புறம் அந்த நாற்காலியில் ஒருவரை உட்கார வைப்பார்களா, அல்லது 'காட்டு' என்ற வார்த்தையை அடித்துவிட்டு 'அனுப்பு' என்று எழுதச் சொல்வார்களா என்பது தெரியவில்லை. ஒரே ஒரு வார்த்தை மாற்றம். அரை நாள் சம்பளம் மிச்சம். ஸ்தாபனங்களுக்கு அது கணக்கில் தெரியும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறிப் போன அந்த ஒரு கடிதம் எந்தக் கணக்கிலும் தெரியாது. மாடிப் பெண் இப்போதே அந்த முந்நூற்று நாற்பது பேரையும் பெயரும் முகமுமாகத் தெரிந்துகொள்ள ஆரம்பித்திருக்கிறாள். மத்தியானச் சாப்பாட்டுக்குத் தினம் ஒரு மேஜையில் போய் உட்காருகிறாளாம்.